கர்ஸன் பிரபு செய்த ஒரு நற்பணி

மாற்றான் செய்த நன்மையை ஒப்புக்கொள்ளுவதால் நமது கொள்கைக்குக் குறைவு நேராது. வங்காளத்தை இரு கூறாக்கிய கர்ஸன் பிரபுவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தேசாபிமானிகளின் நெஞ்சம் கொதிப்பது இயற்கையே. ஆயினும் தாஜ்மகாலின் சோலையில் நின்று நீரோடையில் அதன் நிழலைக் கண்டு மகிழும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பிரபுவுக்குச் சிறிது கடன்பட்டிருக்கின்றனர். இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து அவருடைய வாழ்க்கையை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

ஜார்ஜ் நதானியல் கர்ஸன் 1859-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் என்னும் மாளிகையில் பிறந்தார். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல்களுக்கென்று எழுப்பப்பட்ட அரண்மனை அந்த மாளிகையை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்றுப் பாரசீகம், மத்திய ஆசியா முதலிய நாடுகளில் யாத்திரை செய்த அவர், 1899 ஜனவரியில், நாற்பது வயது நிறையுமுன்னரே, இந்தியாவின் ராஜப்பிரதிநிதியாகப் பதவியேற்றார். புத்திக்கூர்மையும் உழைப்பும் அவரிடம் எவ்வளவு இருந்தனவோ அவ்வளவு அகந்தையும் இருந்தது.

அவர் வந்தபோது நமது புராதனக் கட்டடங்களின் நிலைமை யாது? கும்பினி ஆட்சிக் காலத்தில் ஆக்ராக் கோட்டையின் சலவைக்கல் ஸ்நான மண்டபத்தை ஹேஸ்டிங்ஸ் பிரபு பெயர்த்தெடுக்கச் செய்தார். மிஞ்சியதை பெண்டிங்க் பிரபு ஏலத்தில் விற்றார். நமது சோழ நாட்டில், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் 1836-ல் கொள்ளிடத்தின் கீழணைக்காகப் பெயர்க்கப்பட்டன. பஞ்சாபில் ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பாவின் பழஞ்செங்கற்களை வாரித் தண்டவாளத்தின் அடியில் கொட்டினர். 1857-ம் வருஷத்து எழுச்சிக்குப் பின் டில்லிச் செங்கோட்டையின் பெரும் பகுதி இடிக்கப்பட்டுப் பட்டாளத்து விடுதிகளாயிற்று. 1861-ல் ஏற்படுத்தப்பட்ட தொல்பொருள் இலாகாவும் 1889-க்குப் பின் தலைவரின்றித் தளர்ந்து கிடந்தது.

கர்ஸன் ஊர் ஊராகச் சென்று இவற்றை நேரில் பார்வையிட்டார். ஆமதாபாத்தில், கல்லில் கொடியும் இலையும் பின்னிய சாளரங்களால் புகழ் பெற்ற சிதி சையது மசூதி, தாசில் கச்சேரியாக இருந்தது. காலி செய்யச் சொன்னார். லாகூரில் முத்து மசூதி கஜானாவாக இருந்தது, அதையும் விடுவித்தார். மாந்தளையில் பர்மிய அரசரின் சிம்மாசன மண்டபத்தில் வெள்ளைப் பட்டாளத்தார் பிரார்த்தனை நடத்தினர். அரண்மனையின் மற்றொரு பகுதியில் வெள்ளையரின் கிளப் நடந்தது. இரண்டையும் வெளியேறும்படி உத்தரவிட்டார். தம் இனத்து உத்தியோகஸ்தர்களின் மனக்கசப்பை அவர் பொருட்படுத்தவில்லை. செங்கோட்டைச் சிம்மாசனத்தின் பின்சுவரிலிருந்து ராணுவ அதிகாரி ஒருவர் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்ட சித்திரக் கற்களைத் திரும்ப வரவழைத்தார். தாஜ்மகாலின் சோலையும் நீரோடைகளும் ஊற்றுக்களும் செப்பனிடப்பட்டன. பதவியை விட்டுச் சென்ற பின்னரும், கெய்ரோ நகரத்தில் விளக்கொன்று செய்வித்து அங்கே தொங்கவிட அனுப்பினார்.

தம் காலத்தோடு இப்பணி நின்றுவிடலாகாதென்று இரண்டு ஏற்பாடுகள் செய்தார். 1902-ல் தொல்பொருள் இலாகாவின் தலைமைப் பதவியை மீண்டும் ஏற்படுத்தி, இருபத்தைந்து வயது வாலிபரான ஜான் மார்ஷலை அதில் அமர்த்தினார். அந்த மார்ஷலின் நிர்வாகத்தில்தான் தயாராம் சாஹ்னியும் ராக்கல்தாஸ் பானர்ஜியும் ஹரப்பாவையும் மொஹஞ்சதாரோவையும் தோண்டி, நமது நாகரிகத்தின் வயதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னே கொண்டுசென்றனர். இரண்டாவது, 1904-ம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. வழிபாட்டு ஸ்தலங்களை அவற்றின் தன்மைக்கு மாறாக உபயோகிக்கலாகாதென்றும், பொதுஜனங்களுக்குப் பிரவேச உரிமை உண்டென்றும் அச்சட்டம் கூறிற்று. பிற்காலத்தில், 1958-ல், சுதந்தர இந்தியாவின் பார்லிமெண்டு தானே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டபோதும் இந்த அஸ்திவாரத்தின் மீதுதான் கட்டிற்று.

இவ்வளவும் செய்த அதே மனிதர், 1899-1900-ம் வருஷத்துக் கொடும் பஞ்சத்தின் வடு ஆறுமுன் 1903-ல் டில்லியில் ஆடம்பர தர்பார் நடத்தினார். சர்வகலாசாலைகளைச் சர்க்காரின் பிடிக்குள் கொணர்ந்தார். 1905 பிப்ரவரியில் கல்கத்தாப் பட்டமளிப்பு விழாவில் கீழ்நாட்டாரின் சத்தியத்தைக் குறைத்துப் பேசினார். அவ்வாண்டு அக்டோபர் 16-ந் தேதி வங்காளத்தைப் பிரித்தார். அதிலிருந்து பிறந்த சுதேசிக் கிளர்ச்சி தூத்துக்குடிவரை பரவியதையும், 1911-ல் பிரிவினை ரத்தானதையும் நாம் அறிவோம். இறந்துபோன அரசர்களின் கட்டடங்களிடம் காட்டிய மரியாதையில் ஒரு பங்கை உயிரோடிருந்த பிரஜைகளிடம் அவர் காட்டியிருந்தால், சரித்திரம் அவரை வேறு விதமாக நினைத்திருக்கும்.

கட்டடங்களின் மீது அவருக்கிருந்த பற்று வேஷமன்று என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி. இங்கிலாந்தில் டாட்டர்ஷல் என்ற பழைய செங்கல் கோட்டையின் கணப்படுப்புக்கள் பெயர்க்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகவிருந்தன. கர்ஸன் 1911-ல் கோட்டையைச் சொந்தப் பணத்தில் வாங்கினார். கணப்படுப்புக்களையும் மீட்டுப் பழைய இடத்திலேயே பொருத்தினார். இங்கிலாந்தில் 1913-ல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டத்துக்கு அச்சம்பவம் ஒரு தூண்டுகோலாயிற்று. போடியம் என்னும் மற்றொரு கோட்டையையும் வாங்கிச் செப்பனிட்டார். பிரதம மந்திரிப் பதவி 1923-ல் கைக்கெட்டாமற் போன அவர், 1925 மார்ச்சு 20-ந் தேதி காலமானார். இரு கோட்டைகளையும் பொதுஜனங்களுக்கென்று தேசிய டிரஸ்டுக்கு எழுதிவைத்தே சென்றார்.

இங்கே ஒரு வித்தியாசம் நம் கண்ணில் படுகிறது. தம் நாட்டில் அவர் கோட்டைகளை ஜனங்களின் கையில் ஒப்படைத்தார். நம் நாட்டிலோ, சின்னங்களைச் சர்க்காரின் கையில் ஒப்படைத்தார். இந்தியர் தம் முன்னோரின் செல்வத்தைக் காக்கத் தகுதியற்றவரென்றும், ஆங்கில ஆட்சியே அதற்குத் தர்மகர்த்தா என்றும் அவர் எண்ணினார். அவர் விட்டுச்சென்ற குறை இதுவே. அந்நிய ஆட்சி 1947-ல் போய்விட்டது. ஆனால் பழைய மண்டபமும் குளமும் கல்வெட்டும் இலாகாவின் பொருள், நமக்கென்ன என்னும் மனோபாவம் இன்னும் போகவில்லை. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுவோரும், கோபுரச் சுவரில் தம் பெயரைக் கீறுவோரும் அந்நியரல்லர். அவர்கள் நம்மவரே.

சட்டம் சுவரைக் காக்கும். சுவருக்குள் உயிரை ஊட்ட ஊராரால்தான் முடியும். ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: உங்கள் ஊரில் உள்ள பழைய சத்திரத்தையும் திருக்குளத்தையும் கோட்டையையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். பழுது கண்டால் அதிகாரிகளுக்கு எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். உபயோகமின்றிக் கிடக்கும் மண்டபம் வாசகசாலையாகவோ ஊர்ப் பொதுவிடமாகவோ ஆகக்கூடுமானால், அதன் தன்மை கெடாமல் அதற்கு வழி தேடுங்கள். அந்நியர் ஒருவர் ஆறே ஆண்டுகளில் இவ்வளவு செய்யக்கூடுமானால், வாரிசுகளாகிய நாம் செய்யக்கூடியதற்கு எல்லை ஏது? கர்ஸன் பிரபு அகந்தையால் தொடங்கிய காரியத்தை நாம் அன்பினால் முடிப்போமாக.