இலவசக் கல்வியின் தந்தை சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கரா

மாணவர்களே, நீங்கள் கட்டணமின்றிக் கற்கிறீர்கள். உங்கள் முன்னோரின் காலத்தில் ஆங்கிலப் பாடசாலைக்குப் பணம் கட்ட வேண்டும். பணமில்லாத பிள்ளை தாய்மொழிப் பாடசாலையுடன் நின்றுவிடும். அங்கு படித்தவருக்கு உயர்ந்த உத்தியோகம் கிடைப்பது அரிது. இந்தச் சுவரை உடைத்தவரே கன்னங்கரா.

இவர் 1884 ஒக்டோபர் 13 இல் அம்பலாங்கொடைக்கு அருகே ரன்தொம்பேயில் பிறந்தார். கணிதத்தில் காட்டிய திறமையால் காலி றிச்மண்ட் கல்லூரியில் கற்கப் புலமைப்பரிசில் பெற்றார். ஒரு புலமைப்பரிசில் கிராமத்துப் பிள்ளையை எங்கு கொண்டு சேர்க்கும் என்பதற்குத் தம் வாழ்வையே அவர் சான்றாகக் கண்டிருப்பார். பின்னர் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் பணியாற்றி அரசியலுக்கு வந்தார்.

1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் கல்வி அமைச்சரானார். 1947 வரை, அதாவது 16 ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார். அன்று அமைச்சர் தனியே முடிவெடுக்க முடியாது. கல்விக்கான நிறைவேற்றுக் குழுவின் சம்மதம் வேண்டும். இதைப் பலர் விடையில் எழுத மறக்கிறார்கள்.

கண்டி மாணவர் இரு விடயங்களை விசேடமாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, 1930களில் தொடங்கிய ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம். ஹந்தெஸ்ஸ கண்டி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றைப் பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி என்னும் கிராம வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிப்பதே இதன் நோக்கம். மற்றையது, தும்பறைத் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர் ஏ. ரத்நாயக்க. கன்னங்கரா தலைமை தாங்கிய விசேட குழுவில் கல்வியை இலவசமாக்கும் யோசனையை முன்வைத்தவர் இவரே. வலலவில் உள்ள மத்திய கல்லூரி இன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புகழ் முழுவதும் அமைச்சருக்கே சென்றது சற்று அநியாயம்தான்.

குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி மூலப் போதனை என்பன அதன் முக்கிய விதப்புரைகள். கட்டணம் அறவிட்ட பாடசாலைகளை நடத்திய பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பகுதிகளில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் மூலம் திறமையுள்ள ஏழைப் பிள்ளைகள் அவற்றுக்குத் தெரிவாகினர். இன்றைய தரம் 5 பரீட்சையின் வேர் அதுவே.

இத்தனை செய்தவர் 1947 பொதுத் தேர்தலில் மத்துகமையில் தோற்றார். பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகவும், 1952 முதல் 1956 வரை உள்ளூராட்சி அமைச்சராகவும் பணியாற்றி, 1969 செப்டெம்பர் 23 இல் காலமானார்.

“சீர்திருத்தத்தின் குறைபாடு யாது?” என வினவப்பட்டால் தோட்டப் பாடசாலைகளை எழுதுங்கள். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் லயன் பிள்ளைகள் பல வகுப்புகளுக்கும் ஓர் ஆசிரியர் என்ற நிலையிலேயே கற்றனர். அப்பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தமையால் மத்திய பாடசாலையின் வாசல் அவர்களுக்கு எட்டவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அப்போது இலவசக் கல்விக்கு முப்பது வயதாகியிருந்தது.