கதிரொளியைக் கணக்கிட்டவர்

எல்லாக் கோள்களுக்கும் ஒளி வழங்குவது ஒரே கதிரவன்தான். ஆயினும் அவை பெறும் பங்கு ஒன்றல்ல. கதிரவனிலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். புவியின் வளிமண்டலத்திற்கு மேலே, கதிரவனை நேர்நோக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழுகிறது. வெள்ளி இதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு பெறுகிறது. செவ்வாய்க்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. வியாழனுக்கு ஏறத்தாழ 27இல் ஒரு பங்கு. நெப்டியூனுக்கோ 900இல் ஒரு பங்கு. இப்பங்கைக் கொண்டு ஒரு கோளின் தட்பவெப்பத்தைக் கணிக்க இயலுமா? புவியின் பனியூழிகளுக்கும் இதில் காரணம் உண்டா? இவ்வினாக்களுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் செர்பியக் கணித அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச்.

இளமையும் பணியும்

மிலன்கோவிச் 1879ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் டால் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய அங்கேரிப் பேரரசில் இருந்த அவ்வூர் இன்று குரோஷியாவில் உள்ளது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், வியன்னாவில் கட்டுமானப் பொறியியல் பயின்று, 1904இல் முனைவர் பட்டம் பெற்றார். அணைகளையும் பாலங்களையும் வடிவமைக்கும் பொறியாளராகப் பெயரும் பொருளும் ஈட்டினார். 1909இல் பெல்கிரேடு பல்கலைக்கழகம் அவரைக் கணிதப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் குறைவு என்று அறிந்தும் அவர் அதனை ஏற்றார்.

வானிலை அறிஞர்கள் அந்நாளில் தட்பவெப்பத்தை அளந்து பதிவு செய்தனர். கதிரவனின் ஆற்றலிலிருந்து தொடங்கி, கணிதத்தின் வழியே அதனை வருவித்துக் காட்ட வேண்டும் என மிலன்கோவிச் விழைந்தார்.

சிறையில் தொடர்ந்த ஆய்வு

1914ஆம் ஆண்டுக் கோடையில் திருமணம் முடித்து, மனைவியுடன் பிறந்த ஊருக்குச் சென்றிருந்தார். அப்போது முதல் உலகப்போர் மூண்டது. செர்பியக் குடிமகன் என்பதால் பகைநாட்டவராகக் கருதப்பட்டு, ஓசியெக் கோட்டையில் அடைக்கப்பட்டார். கதவு தாழிடப்பட்ட அறையில் அவருடன் இருந்தது ஒரு கைப்பெட்டி. அதற்குள் ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார்.

வியன்னாப் பேராசிரியர் ஒருவரின் முயற்சியால், அவ்வாண்டின் இறுதியில் புடாபெஸ்ட் நகரில் காவலுக்கு உட்பட்டு வாழ இசைவு கிடைத்தது. அங்கேரிய அறிவியல் கழகத்தின் நூலகம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. நகரை விட்டு வெளியேற முடியாத அவர் அங்கிருந்தபடியே அண்டைக் கோள்களின் தட்பவெப்பத்தை ஆராய்ந்தார். செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் கால்வாய்கள் வெட்டி வாழ்வதாகப் பலர் நம்பிய காலம் அது. அக்கோளின் சராசரி வெப்பநிலை நீரின் உறைநிலைக்கும் வெகுவாகக் கீழே இருக்கும் என அவர் கணக்குக் காட்டியது. இம்முடிவுகள் அடங்கிய நூல் 1920இல் பாரிசில் வெளிவந்தது.

பனியூழியின் புதிர்

அந்நூலைக் கண்ட செருமானியத் தட்பவெப்பவியல் அறிஞர் கோப்பென் அவருடன் மடல்வழித் தொடர்பு கொண்டார். பனியூழி தோன்றக் கடுங்குளிர்காலம் தேவையில்லை. பனி உருகாத குளிர்ந்த கோடையே போதும் என்பது கோப்பெனின் கருத்து. உருகாத பனியின்மேல் அடுத்த ஆண்டின் பனி படியும். இவ்வாறு அடுக்கடுக்காகப் பெருகிப் பனிப்பாளமாகும்.

புவிச் சுற்றுப்பாதையின் நீள்வட்ட வடிவம் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக் கால அளவிலும், அச்சின் சாய்வு ஏறத்தாழ 41,000 ஆண்டுகளிலும் மாறிவருகின்றன. அச்சும் பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுகிறது. இவற்றால் வடபகுதிக் கோடைக்குக் கிடைக்கும் ஒளி கூடியும் குறைந்தும் வரும். கணிப்பொறி இல்லாத அந்நாளில், காலை முதல் இரவு வரை நூறு நாள்கள் உழைத்து, கடந்த 6,50,000 ஆண்டுகளுக்கான ஒளியளவை மிலன்கோவிச் கணக்கிட்டார். அவ்வரைபடத்தைக் கோப்பெனும் வெகனரும் 1924இல் தம் நூலில் வெளியிட்டனர்.

மறைவும் ஏற்பும்

அவருடைய உழைப்பின் தொகுப்பாகிய பெருநூல் 1941 ஏப்ரலில் அச்சாகிக்கொண்டிருந்தபோது, பெல்கிரேடு நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. அச்சகம் அழிந்தது. வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்த அச்சுத்தாள்கள் பெரும்பாலும் தப்பியதால் நூல் பிழைத்தது. ஆனால் 1950களில் வந்த புதிய காலக்கணிப்பு முறைகள் அவர் கூறியவற்றுடன் பொருந்தவில்லை எனப் பலர் கருதினர். அவ்வையம் நீங்காமலே 1958 திசம்பர் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

1976இல் அறிஞர் மூவர் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த கடலடிப் படிவுகளை ஆராய்ந்தனர். பல இலட்சம் ஆண்டுகளின் தட்பவெப்பப் பதிவு அதில் இருந்தது. மிலன்கோவிச் கணக்கில் கொண்ட அதே கால அளவுகள் அதில் புலப்பட்டன. அம்மாற்றங்கள் இன்று மிலன்கோவிச் சுழற்சிகள் என வழங்குகின்றன. செவ்வாயிலுள்ள ஒரு பெரும்பள்ளமும் அவர் பெயரைத் தாங்குகிறது. காவலில் இருந்தபடியே அவர் குளிரை அளந்த கோள் அது.