ஆக்னர் கிராருப் எர்லாங்

ஆக்னர் கிராருப் எர்லாங் (சனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் பொறியியலாளரும் ஆவார். தொலைபேசிப் போக்குவரத்துக் கோட்பாட்டுக்கும் வரிசைக் கோட்பாட்டுக்கும் அடித்தளம் இட்டவர் இவரே. ஓர் ஊருக்கு எத்தனை தொலைபேசித் தடங்கள் வேண்டும், ஓர் இணைப்பகத்தில் எத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும் என்ற வினாக்களுக்கு முதன்முதலாகக் கணித முறையில் விடை கண்டார். கணினி வழியாக அழைப்புகளை ஏற்று, வரிசையில் நிறுத்தி, பகிர்ந்தளிக்கும் இன்றைய அமைப்புகளின் திட்டமிடலிலும் இவரது வாய்பாடுகளே பயன்படுகின்றன.

இளமையும் கல்வியும்

எர்லாங் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள லன்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆன்சு நீல்சன் எர்லாங் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தாய் மக்தலேன கிராருப். தாய்வழி முன்னோருள் ஒருவர், முக்கோணவியலில் தாஞ்சன் என்ற சொல்லை 1583 இல் அறிமுகப்படுத்திய கணிதவியலாளர் தாமசு ஃபிங்கே ஆவார்.

சிறுவயதில் எர்லாங்கும் அவருடைய அண்ணன் ஃபிரெடெரிக்கும் ஒரே நூலை எதிரெதிரே அமர்ந்து படிப்பது வழக்கம். அண்ணனுக்கு நூல் நேராக இருக்கும். தம்பிக்குத் தலைகீழாக இருக்கும். இதனால் எழுத்துகளைத் தலைகீழாகப் படிப்பதில் எர்லாங் தேர்ச்சி பெற்றார். வானியலில் ஈடுபாடு கொண்டு, அத்துறை சார்ந்த பாடல்களையும் இயற்றினார்.

கோபனாவன் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைத் தேர்வை 14 ஆம் வயதில், வயது குறைவு என்பதால் சிறப்பு அனுமதி பெற்று எழுதிச் சிறப்பாகத் தேறினார். இரண்டு ஆண்டுகள் தந்தையின் பள்ளியிலேயே கற்பித்த பின், 1896 இல் உதவித்தொகையுடன் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901 இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஏழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவே கழிந்தன.

தொலைபேசி நிறுவனத்தில்

டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்கு எர்லாங் தவறாது செல்வார். அங்கு யோகான் யென்சன் என்பவருடன் பழக்கம் ஏற்பட்டது. கணித மாணவர்கள் அறிந்த யென்சன் சமனிலி இவருடையதே. ஆனால் யென்சனின் தொழில் கணிதம் அன்று. கோபனாவன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். அவர் வழியாக எர்லாங் 1908 இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். ஆய்வுக்கூடம் என்பது பெரிய சொல். தொடக்கத்தில் அவருக்கு உதவியாளர் எவரும் இல்லை. நிலத்தடி வடங்களில் கசிந்தோடும் மின்னோட்டத்தை அளக்க அவரே தெருக் குழிகளுக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஏணி சுமந்த தொழிலாளி ஒருவருடன் அவர் செல்வது கோபனாவன் தெருக்களில் பழகிய காட்சியாயிற்று.

அக்காலத்தில் தொலைபேசி இணைப்புகள் கையால் கொடுக்கப்பட்டன. தடங்களும் பணியாளரும் மிகுந்தால் நிறுவனத்துக்கு வீண் செலவு. குறைந்தால் சந்தாதாரர் காத்திருக்க வேண்டும் அல்லது அழைப்பே கிடைக்காது. எத்தனை போதும் என்பதைப் பட்டறிவையும் ஊகத்தையும் கொண்டே முடிவு செய்து வந்தனர்.

1909 இல் எர்லாங் வெளியிட்ட கட்டுரை, ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் அழைப்புகள் பாய்சான் பரவலைப் பின்பற்றுகின்றன என்று காட்டியது. தனி மனிதர் எப்போது அழைப்பார் என்பது எவருக்கும் தெரியாது. ஓர் ஊரே சேர்ந்து எவ்வளவு அழைக்கும் என்பதைக் கணக்கிடலாம். 1917 இல் தானியங்கி இணைப்பகங்கள் குறித்து அவர் எழுதிய கட்டுரையே மிகவும் புகழ் பெற்றது. இன்று எர்லாங் பி, எர்லாங் சி எனப்படும் இரு வாய்பாடுகளும் அதில் உள்ளன. எல்லாத் தடங்களும் நிரம்பியிருக்கையில் வரும் அழைப்பு துண்டிக்கப்படும் அமைப்புக்கு முதலாவது பொருந்தும். அழைப்பு காத்திருக்கும் அமைப்புக்கு இரண்டாவது பொருந்தும். பிரித்தானிய அஞ்சல் துறை தன் தொலைபேசி இணைப்பகங்களுக்கு இவரது முறையை ஏற்றுக்கொண்டது.

வாய்பாட்டின் பயன்

ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங் ஆகும். மணிக்கு 120 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றால் போக்குவரத்து 6 எர்லாங். ஆறு பேர் பணியில் இருந்தால் போதும் என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில் ஆறு பேர் இருந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். எர்லாங் சி வாய்பாட்டின்படி 7 பேர் இருக்கையில் அழைப்போருள் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் காத்திருக்க நேரிடும். சராசரிக் காத்திருப்பு 110 நொடி. 8 பேர் என்றால் சராசரி 32 நொடியாகவும், 9 பேர் என்றால் ஏறத்தாழ 12 நொடியாகவும் குறைந்துவிடும். ஆனால் ஒன்பது பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் பணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அழைப்பின்றி இருப்பர். அது சோம்பல் அன்று, சேவையின் விலை என்பதை மேலாளர்கள் எளிதில் ஏற்பதில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில் 1960-களில் தோன்றிய தொழிற்பேட்டை, சிறு பொறியியல் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. 2000-களில் தகவல் தொழினுட்ப நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் அங்கு வந்தன. இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு ஏப்பிரல் 1, 2002 முதல் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. இத்தகைய மையங்களில் மேசைத் தொலைபேசிக்கு மாற்றாகக் கணினித் திரையும் தலையணி ஒலிவாங்கியும் உள்ளன. அழைப்பை ஓய்வாக இருப்பவரிடம் அனுப்புவது மென்பொருளே. எனினும் இரவுப் பணிக்கு எத்தனை பேரை வேன் அனுப்பி அழைத்து வருவது என்ற கணக்கு 1917 ஆம் ஆண்டுக் கணக்கே. ஓர் ஆளைக் குறைத்தால் அதன் சுமை அழைப்போரின் காத்திருப்பிலும், இடைவெளியின்றி அடுத்த அழைப்பை ஏற்க வேண்டிய பணியாளரின் காதிலும் விழும்.

தடங்களுக்கும் இதே நிலைதான். 30 பேச்சுத் தடங்கள் கொண்ட ஓர் இணைப்பு, நூற்றுக்கு ஓர் அழைப்பு மட்டும் தவறலாம் என்ற வரம்பில், 20.3 எர்லாங் போக்குவரத்தையே தாங்கும் என்பது எர்லாங் பி அட்டவணை தரும் விடை. கணினியில் இயங்கும் ஆசுட்டெரிசுக்கு போன்ற இணைப்பக மென்பொருளை நிறுவுவோரும் இந்த அட்டவணையையே பார்க்கின்றனர்.

இவ்வாய்பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. எர்லாங் சி கணக்கில் காத்திருப்பவர் எவரும் பொறுமையிழந்து தொலைபேசியை வைப்பதில்லை. இக்குறையைப் பின்னர் சுவீடன் நாட்டின் கோனி பாம் நிறைவு செய்தார்.

தனி வாழ்க்கை

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரும்பாலான நேரத்தை ஆய்விலும் நூல் சேகரிப்பிலும் செலவிட்டார். கணிதம், வானியல், இயற்பியல் நூல்கள் அவரிடம் மிகுதியாக இருந்தன. அதிகம் பேசாதவர் என்றாலும் உதவி நாடி ஆய்வுக்கூடத்துக்கே வந்த ஏழைகளுக்கு, ஆரவாரமின்றிப் பணம் கொடுத்து வந்தார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் நோய்க்காக விடுப்பு எடுக்காமல் பணியாற்றிய அவர், சனவரி 1929 இல் வயிற்று அறுவை மருத்துவத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாட்களில், பெப்ரவரி 3 அன்று, தமது 51 ஆம் வயதில் காலமானார்.

பெயரீடுகள்

1946 இல் பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு எர்லாங் என்று பெயரிட்டது. நிகழ்தகவுக் கணிதத்தில் எர்லாங் பரவல் என்பதும் இவர் பெயரால் வழங்குகிறது. 1980-களில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சோ ஆம்சுட்ராங்கும் அவருடைய சக பணியாளர்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய நிரல்மொழியும் எர்லாங் எனப்படுகிறது. 1998 இல் அது திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. வாட்சப்பின் வழங்கிகள் இம்மொழியைக் கொண்டே உருவாக்கப்பட்டன.