மே 1-ம் சிங்காரவேலரும்

மே 1-ந் தேதி டோல்கேட் ஆலைவாசல்களில் செங்கொடி ஏறக் கண்டிருப்பீர்கள். இத்தேசத்தில் அவ்விழாவை முதன்முதலாக 1923-ல் நடத்தியவர் நம் சென்னைவாசியான ம. சிங்காரவேலர். ஹைக்கோர்ட்டுக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலுமாகக் கடற்கரையில் இரு கூட்டங்கள் கூட்டி, தொழிலாளருக்கென ஒரு கட்சியையும் அன்றே தொடங்கினார்.

1860-ல் மீனவர் குடியில் பிறந்து வக்கீலானவர். ஒத்துழையாமை நாட்களில் 1921-ல் வக்கீல் அங்கியைத் தீயிலிட்டார். வருமானமும் அத்தோடு போயிற்று! 1928-ல் ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை புகுந்தபோது வயது 68. (நம்மில் பலர் பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் அமரும் வயது.)

அவர் நாஸ்திகர், அதில் நமக்கு அவரோடு வழக்குண்டு. கூலிக்காரன் பக்கம் நின்றதில் வழக்கேது? அவர் 1946 பிப்ரவரி 11-ல் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1955-ல், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதே மே 1-ந் தேதியைத் தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார்.