காஸ்தோன் ரமோன்: தடுப்பு மருந்துக்குத் துணை தேடியவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் குழந்தைகளின் உயிரைக் குடித்த கொடிய நோய்களுள் தொண்டை அடைப்பானும் ஒன்று. அந்நோய்க் கிருமி சுரக்கும் நஞ்சு தொண்டையில் சவ்வு படரச் செய்து மூச்சை அடைக்கும், இதயத்தையும் தாக்கும். அந்நோயை வருமுன் காக்கச் சிறந்த வழி கண்டவர் காஸ்தோன் ரமோன்.

பிரான்சு நாட்டின் பெல்ஷோம் என்னும் சிற்றூரில் 1886ஆம் ஆண்டு பிறந்த ரமோன், அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியில் பயின்றார். 1911இல் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து, பாரிசை அடுத்த கார்ஷில் இருந்த அதன் கிளையில் பணியாற்றினார். குதிரைகளுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்நஞ்சைப் பிரித்தெடுப்பதே அங்கு நடைபெற்ற பணி. அம்மருந்து நோயுற்றோரைக் காத்தது. ஆயினும், அதன் காப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

ரமோன் அந்நஞ்சுடன் சிறிதளவு ஃபார்மலின் கலந்து இளஞ்சூட்டில் பல நாள் வைத்தார். அது கொல்லும் தன்மையை இழந்தது; உடலில் எதிர்ப்பாற்றலைத் தோற்றுவிக்கும் தன்மையை இழக்கவில்லை. அனடாக்சின் என்று அவர் பெயரிட்ட இம்மருந்தை 1923இல் உலகிற்கு அறிவித்தார்.

ஊசியிட்ட இடத்தில் கட்டி எழுந்த குதிரைகள், ஏனையவற்றைவிட மிகுதியான எதிர்நஞ்சைத் தருவதை அவர் கண்டார். இடையூறு என ஒதுக்கத்தக்க கட்டியில் அவர் காரணத்தைத் தேடினார். மரவள்ளி மாவு போன்ற பொருள்களை மருந்துடன் சேர்த்துத் தாமே வீக்கத்தை உண்டாக்கினார். எதிர்நஞ்சு பெருகியது. வீக்கம் உடலின் காவலணுக்களை அவ்விடத்திற்கு அழைத்ததே அதற்குக் காரணம். 1925இல் வெளியான இவ்வாய்வே, தடுப்பு மருந்துக்குத் துணைப்பொருள் சேர்க்கும் முறைக்கு வித்திட்டது. மறு ஆண்டே இங்கிலாந்தில் கிளென்னி குழுவினர் அலுமினிய உப்பின் பயனைக் கண்டறிந்தனர்.

1938இல் பிரான்சு அரசு குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. நோபெல் பரிசுக்கு நூறு முறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் ரமோன் அதனைப் பெறவில்லை. 1963இல் அவர் மறைந்தார்.

மனிதருக்கான முதல் டி.என்.ஏ. தடுப்பூசிக்கு இந்தியா 2021இல் ஒப்புதல் அளித்தது. இவ்வகைத் தடுப்பூசிகள் மனித உடலில் எழுப்பும் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் குறைவு. ஆகவே, வைரசின் மரபணுக்களையே துணையாகச் சேர்த்து அதனைப் பெருக்க ஆய்வாளர்கள் முயல்கின்றனர். அன்று மாவு செய்த பணியை இன்று மரபணுவிடம் ஒப்படைக்கும் இம்முயற்சி, குதிரையின் கட்டியை உற்றுநோக்கிய அக்கால்நடை மருத்துவரின் வழியிலேயே செல்கிறது.