குழந்தைகளின் துயர் துடைத்த டாக்டர் டிக்கெ

உணவே மருந்து என்பது நம் பெரியோர் வாக்கு. ஆனால் உணவே நஞ்சாவதும் உண்டோ? நாள்தோறும் தரவேண்டும் என்று இறைவனிடம் நாம் இறைஞ்சும் அந்த அப்பமே ஒரு சிறு குழந்தையை வாட்டக்கூடுமோ? வாட்டக்கூடும் என்று கண்டுபிடித்து, ஆயிரமாயிரம் குழந்தைகளுக்கு வாழ்வளித்தவர்தாம் டாக்டர் வில்லெம் காரெல் டிக்கெ.

இவர் 1905-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் டோர்டிரெக்ட் நகரில் பிறந்தார். லெய்டன் நகரில் மருத்துவம் பயின்றார். பிறகு ஹேக் நகரில் குழந்தை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். 1936-இல் அந்நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது 31.

அந்நாளில் சீலியாக் என்னும் குடல் நோய் பல குழந்தைகளை வாட்டியது. தாய்ப்பாலை விட்டு மற்ற உணவுகளை உண்ணத் தொடங்கியதும் அவர்களுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு காணும். வயிறு ஊதும், கைகால்கள் குச்சிபோல் மெலியும், வளர்ச்சி நின்றுவிடும். பலர் இறந்தும் போயினர். 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, உணவைத் திருத்தினால்தான் இது தீரும் என்று எழுதினார். எந்த உணவை என்பதுதான் அவருக்கும் விளங்கவில்லை. 1924-இல் அமெரிக்காவில் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். பலரும் வாழைப்பழத்தையே புகழ்ந்தார்கள்.

ஒரு நாள் இளம் தாய் ஒருத்தி டிக்கெயிடம் ஒரு செய்தி சொன்னாள். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் உடம்பிலுள்ள தடிப்பு விரைவில் மறைகிறது என்றாள். படிப்பில்லாத தாயின் பேச்சு என்று அதை அவர் தள்ளிவிடவில்லை, மனத்தில் இருத்திக்கொண்டார். நோயுற்ற குழந்தைகளுக்கு ரொட்டியை நிறுத்திப் பார்த்தார். 1941-இல் ரொட்டி இல்லாத எளிய உணவு முறையைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நாட்டின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தனர். சுமார் 20,000 பேர் மடிந்தனர். ஊரே பட்டினியால் வாடிய அக்காலத்தில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி மீண்டும் கிடைத்தபின் அவர்களுடைய நோயும் மீண்டது என்று சொல்வார்கள். டிக்கெயின் ஐயம் இதனால் மேலும் உறுதிப்பட்டது.

ஐயம் வேறு, நிரூபணம் வேறு. போர் முடிந்ததும் அவர் பொறுமையோடு சோதனை செய்தார். கோதுமையை நீக்கினால் குழந்தையின் எடை கூடியது. மீண்டும் கொடுத்தால் பசி மங்கி எடை குறைந்தது. அரிசியும் மக்காச்சோளமும் தீங்கு செய்யவில்லை. இவற்றையெல்லாம் தொகுத்து 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வு நூலை அளித்தார்.

அடுத்த செய்தியை இம்மலரில் எழுதலாமா என்று நாங்கள் முதலில் தயங்கினோம். குடலில் சேராத கொழுப்பு மலத்தோடு வெளியேறும். ஆகவே வான் டி காமர், வெய்யர்ஸ் என்னும் இரு அறிஞர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் மலத்திலுள்ள கொழுப்பை டிக்கெ அளந்து பார்த்தார். கோதுமை மாவு கொடுத்தபோது அது கூடியது. கோதுமையின் மாவுச்சத்தை மட்டும் கொடுத்தபோது கூடவில்லை. குற்றவாளி மாவுச்சத்து அன்று, குளுட்டன் என்னும் புரதமே என்று தெளிவாயிற்று. இம்முடிவுகள் 1953-இல் வெளிவந்தன. மூக்கைப் பொத்திக்கொள்ளும் வேலையல்லவா என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் இவ்வுண்மை எப்போது வெளிப்பட்டிருக்குமோ!

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் உண்டு. இந்நோயாளிகளின் உடலில் அது சிறுகுடலின் உட்புறத்தைக் கெடுத்து, உணவுச் சத்தை உறிஞ்சவிடாமல் செய்கிறது. இன்றும் இதற்குரிய சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளுட்டனைத் தவிர்ப்பதே. விலையுயர்ந்த மருந்தன்று, தட்டிலிருந்து ஒரு பொருளை விலக்குவதே டிக்கெ காட்டிய வழி!

1957-இல் உட்ரெக்டில் பேராசிரியரான அவர், 1962-இல் 57-ஆம் வயதில் காலமானார்.

நற்கருணை அப்பமும் கோதுமையால் ஆனதே. அப்படியானால் இந்நோயுள்ள ஒரு சிறுமி எவ்வாறு நன்மை வாங்குவாள்? குளுட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பத்தையோ, திராட்சை இரசத்தை மட்டுமோ அவள் பெறலாம் என்று திருச்சபை அனுமதித்திருக்கிறது. எனவே அன்பின் பந்தியிலிருந்து அவள் விலக்கப்படவில்லை. இதை அறிந்தபோது எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது.

அன்புத் தோழியரே, ஒரு தாயின் சொல்லுக்குச் செவிசாய்த்த பணிவும், அருவருப்பான வேலைக்கும் அஞ்சாத உழைப்பும் டாக்டர் டிக்கெயை உயர்த்தின. நம் அருகில் உண்ண மறுக்கும் தோழியைக் கேலி செய்யாமல், அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்போம். அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றி.