லயனல் லோக்: ஒரு ராஜாவுக்குப் பேச்சு வாத்தியார்

இந்த மலரைப் படிக்கும் நம்மில் பலர் மெஷின், மோட்டார், பேனல் போர்டு என்று காலம் தள்ளுகிறவர்கள். அதனால் லயனல் லோக்கின் கதையையும் ஒரு கரண்ட் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1880-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்த இவர், இளவயதில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து, கல்கூர்லி தங்கச் சுரங்கங்களுக்கு மின்வசதி செய்யும் வேலையில் இருந்தவர். ஆனால் மனுஷனுக்கு ஆசை எல்லாம் குரல் மேல். சிறு வயதிலேயே ஒரு ஆசிரியரிடம் மேடைப்பேச்சை முறையாகக் கற்றிருந்தார். பிறகு பெர்த் நகரில் குடியேறி, அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஆகிவிட்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனது முதல் உலகப் போர். விஷவாயுவைச் சுவாசித்தும், குண்டுச் சத்தத்தில் அதிர்ந்தும் ஊர் திரும்பிய சிப்பாய்களில் சிலருக்குக் குரலே எழும்பவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. மருந்தால் ஆகாத அந்த இடத்தில் லோக் போய் உட்கார்ந்தார். மூச்சை நெஞ்சோடு நிறுத்தாமல் வயிறு வரை இழுத்து விடச் செய்வது, அந்த மூச்சின் மேல் ஒரு சின்ன ஒலியை ஏற்றுவது, ஒலியைச் சொல்லாக்குவது, சொல்லை வாக்கியமாக்குவது. இடையிடையே சிரிக்க வைப்பது. சிலருக்குப் பேச்சு திரும்பியது. இன்று ஆஸ்பத்திரிகளில் ஸ்பீச் தெரபிஸ்ட் செய்கிற வேலைக்கு இது ஒரு முன்னோடி.

இத்தனைக்கும் அவரிடம் டாக்டர் பட்டம் கிடையாது. அப்போது அந்தத் தொழிலுக்கு என்று ஒரு படிப்பே உருவாகவில்லை. இந்தியாவில் 1992-ல் வந்த மறுவாழ்வு கவுன்சில் சட்டம், உரிய படிப்பும் பதிவும் இருந்தால்தான் இந்தத் தொழில் செய்யலாம் என்றது. லோக் அன்று நம்மூரில் போர்டு மாட்டியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்! கிண்டலுக்குச் சொன்னாலும், அந்த விதி தேவையானதுதான். திக்குவாய்க்கு லேகியம் விற்றவர்களை நாம் பார்த்திருக்கிறோமே. லோக்கும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 1935-ல் பிரிட்டனில் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கான சங்கம் அமைய முன்நின்றவர்களில் அவரும் ஒருவர்.

1924-ல் மனைவி மிர்ட்டில், மூன்று பையன்கள் சகிதம் லண்டன் போனார். டாக்டர்கள் வரிசையாக இருந்த ஹார்லி தெருவில், 146-ஆம் எண் கட்டிடத்தில் ஒரு அறை பிடித்தார். தெரிந்தவர் அதிகம் இல்லாத ஊர். 1926 அக்டோபர் 19-ஆம் தேதி அந்த அறைக்குள் வந்தவர் யார்க் கோமகன், ஐந்தாம் ஜார்ஜின் இரண்டாவது மகன். முந்தைய ஆண்டு வெம்ப்ளி பொருட்காட்சியின் நிறைவு விழாவில், ஊரே பார்க்க, பேச முடியாமல் தவித்துப் போனவர். அடுத்த பதினான்கு மாதங்களில் 82 முறை சந்தித்தார்கள். இடையே 1927 மே மாதம் கான்பெராவில் பாராளுமன்றத் திறப்பு விழா. கோமகன் பேசி முடித்துவிட்டார்.

2010-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் குழப்பம் வரும். படத்தில் சந்திப்பே 1930-களில்தான் நடக்கிறது. சிகிச்சையில் ஏகப்பட்ட சண்டை, சச்சரவு. நிஜத்தில் அது பல வருஷப் பொறுமை. ராஜாவுக்குத் திக்கல் போகவும் இல்லை. திக்கலோடு பேச்சை முடிக்கும் வழியைத்தான் லோக் காட்டினார். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ஏனென்றால் திக்கல் என்பது பயந்த சுபாவமோ, புத்திக் குறைவோ அல்ல. மூளை பேச்சை இயக்கும் விதத்திலேயே உள்ள ஒரு வித்தியாசம், பரம்பரையாகவும் வரலாம். பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிலும் அந்த நூற்றில் ஒருவர் உண்டு. எங்கள் பேட்சில் ஒருவன் இருந்தான், சர்க்யூட் என்றால் புலி. கேம்பஸுக்கு வந்த ஒரு கம்பெனியின் குரூப் டிஸ்கஷனில் அவனுடைய முதல் வார்த்தை வெளியே வருவதற்குள் பக்கத்தில் இருந்தவன் பேச ஆரம்பித்துவிட்டான். லிஸ்டில் பெயர் வரவில்லை. அன்று எங்களில் யாருக்கும் ஸ்பீச் தெரபி என்ற வார்த்தையே தெரியாது. பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில், போரூர் ராமச்சந்திராவில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது, பட்டப்படிப்பும் உண்டு. பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர்கள், காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள், அன்னப்பிளவு உள்ளவர்கள், சாப்பாடு விழுங்கக் கஷ்டப்படுபவர்கள் எல்லோரும் இந்தத் தொழிலின் கீழ்தான் வருகிறார்கள். திக்கல் அதில் ஒரு பகுதி. தம்பி, தங்கைகளே, தேவைப்பட்டால் கூச்சப்படாமல் போங்கள். வைவாவுக்கு முந்தின நாள் போகாதீர்கள், முதல் வருஷமே போங்கள்.

கோமகன் 1936-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆனார். 1937 மே 12 முடிசூட்டு நாள். காலையில் தேவாலயத்தில் விருந்தினராக அமர்ந்திருந்த லோக், இரவு வானொலி உரையின்போது மைக் பக்கத்தில் நின்றார். 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி யுத்தம் பற்றி மன்னர் பேசிய உரைத்தாளில், எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்று கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார். டிராயிங்கில் நாம் டைமென்ஷன் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1944 கிறிஸ்துமஸ் உரைக்கு மன்னர் அவரைக் கூப்பிடவில்லை. தனியாகவே பேசிவிட முடியும் என்று ஆகியிருந்தது. லோக் வீட்டில் விருந்தினர்களோடு உட்கார்ந்து ரேடியோவில் கேட்டார். அடுத்த வருஷம் மிர்ட்டில் காலமானார். மகன் வாலன்டைன் மூளை அறுவை நிபுணராகப் பெயர் எடுத்தார். 1952 பிப்ரவரியில் மன்னரும், 1953 ஏப்ரல் 12-ல் லோக்கும் மறைந்தார்கள். அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் பல காலம் குடும்பத்தோடு கிடந்து, பின்னர் பேரன் கையால் வெளியே வந்தன.